மருந்தின் விலையும் மதியுரையின் விலையும்

கடலூர் முதுநகரிலும் மஞ்சக்குப்பத்திலும், தெற்கே சிதம்பரத்து வீதிகளிலும் ஒரு தலைமுறைக்கு முன்னர் வைத்தியம் பார்த்துக்கொண்டவர்கள் ஒரு காட்சியை மறந்திருக்கமாட்டார்கள். டாக்டர் நாடி பிடித்துப் பார்த்துத் துண்டுத் தாளில் ஏதோ எழுதுவார். அத்தாள் தடுப்புக்குப் பின்னால் நிற்கும் கம்பவுண்டரிடம் போகும். சற்று நேரத்தில், வேளைக்கு இவ்வளவு என்று அளவு காட்டும் காகிதம் ஒட்டிய சீசாவில் மருந்து வரும்; பொட்டலத்தில் மாத்திரைகள் வரும். எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கொடுக்கும் காசு ஒன்றுதான். அதில் மருந்துக்கு எவ்வளவு, மருத்துவரின் அறிவுக்கு எவ்வளவு என்று யாரும் கேட்டதில்லை. அக்கேள்வியை வரலாற்றினிடம் கேட்டுப் பார்ப்போம்.

நம் நாட்டு வைத்தியரும் ஹகீமும் தம் கையாலேயே மருந்து செய்து கொடுத்தவர்கள். ஆங்கில வைத்தியமும் ஏறத்தாழ அதே வழக்கத்தோடுதான் வந்து சேர்ந்தது. தேவனாம்பட்டினம் கோட்டையைக் கும்பினியார் 1690இல் மராட்டியரிடம் விலைக்கு வாங்கிய காலத்தில், இலண்டனில் நோயாளிக்கு மருந்து வகுத்துச் சொல்லும் உரிமை மருத்துவர் கல்லூரியாரிடம் இருந்தது. மருந்து விற்கும் ‘அப்போத்திக்கரி’களோ எளியவர்களுக்கு வைத்தியமும் பார்த்தனர். இதன்பொருட்டு வில்லியம் ரோஸ் என்பவர்மீது தொடுக்கப்பட்ட வழக்கில், 1704இல் பிரபுக்கள் சபை அவர் பக்கம் தீர்ப்பளித்தது. ஆயினும், மருந்துக்குக் காசு வாங்கலாம், ஆலோசனைக்கு வாங்கலாகாது என்னும் நிலை நெடுநாள் நீடித்தது. அறிவுக்குக் கூலி கிடைக்காதவர் அதைச் சீசாக்களின் எண்ணிக்கையில் தேடிக்கொண்டார். 1776இல் ஆடம் ஸ்மித் இதனை நுட்பமாகக் கண்டார். அப்போத்திக்கரியின் பன்மடங்கு இலாபம் பேராசையன்று. மருந்தின் விலைக்குள் ஒளிந்திருக்கும் அவருடைய உழைப்பின் கூலியே என்பது அவர் கருத்து. சென்னையில் 1835இல் தோன்றி, பின்னர் மருத்துவக் கல்லூரியாக வளர்ந்த பள்ளியும், கும்பினிக்கு வேண்டிய அப்போத்திக்கரிகளைப் பயிற்றவே தொடங்கப்பெற்றது என்பது நினைவுகூரத்தக்கது.

மருத்துவம் வேறு, மருந்து வாணிகம் வேறு என்னும் எண்ணம் இதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே பக்தாதில் வேரூன்றியிருந்தது. மருத்துவர்களின் வரலாற்றை எழுதிய இப்னு அபீ உஸைபிஆ சுவையான செய்தி ஒன்றைத் தருகிறார். ‘மருந்துக் கடைக்காரர்கள் எதைக் கேட்டாலும் இல்லையென்று சொல்லமாட்டார்கள்’ என்று ரசவாதி ஒருவர் கலீஃபா மஃமூனிடம் சொன்னாராம். சோதித்துப் பார்க்க, பக்தாதுக்கு அருகிலிருந்த ஓர் ஊரின் பெயரை மருந்தின் பெயரெனச் சொல்லிக் கடைகளுக்கு ஆளனுப்பினர். கடைக்காரர்கள் எல்லோருமே ‘இருக்கிறது’ என்று சொல்லி, ஆளுக்கொரு பொருளை எடுத்துக் கொடுத்தனர். பின்னாளில் தளபதி அஃப்ஷீன் தம் பாசறையில் இதே சோதனையை நடத்தினார். ‘அப்படியொரு மருந்தை அறியோம்’ என்று ஒப்புக்கொண்டவர்களுக்கே தொழில் நடத்த அனுமதி தந்தார்.

விற்பவருக்கு ‘இல்லை’ என்னும் சொல் எளிதில் வாராது. ‘இம்மருந்து என்னிடம் இல்லை’ என்பதே கடைக்காரருக்கு அத்துணைக் கடினமானால், ‘உமக்கு மருந்தே தேவையில்லை’ என்பது, மருந்து விற்று வாழும் மருத்துவருக்கு எத்துணைக் கடினம்!

இதற்கு வரலாறு இரண்டு வழிகளைக் காட்டுகிறது. ஒன்று, பிரித்துவைத்தல். சிசிலியை ஆண்ட இரண்டாம் பிரடெரிக் 13ஆம் நூற்றாண்டில், மருத்துவர் மருந்துக் கடை வைக்கலாகாது. கடைக்காரருடன் கூட்டும் சேரலாகாது என்று சட்டம் செய்தார். மற்றொன்று, தமிழகம் கண்ட வழி. 11ஆம் நூற்றாண்டில் வீரராசேந்திர சோழன் காலத்துத் திருமுக்கூடல் கல்வெட்டு, 15 படுக்கைகள் கொண்ட ஆதுலசாலையைக் குறிப்பிடுகிறது. மருத்துவருக்கு நெல்லும் காசுமாக ஆண்டு ஊதியம். மூலிகை கொணர்ந்து மருந்து செய்வோருக்குத் தனி ஊதியம். இருப்பில் இருக்கவேண்டிய மருந்துகளின் பெயர்களும் கல்லிலேயே உள்ளன. மருந்து கூடினாலும் குறைந்தாலும் மருத்துவரின் நெல் மாறாது.

இன்றைய சட்டம் நடுவழியில் நிற்கிறது. மருந்துச் சீட்டுக்கு மருந்து வழங்கும் உரிமையைப் பதிவுபெற்ற மருந்தாளுநருக்கே தந்த 1948ஆம் ஆண்டுச் சட்டம், மருத்துவர் தம் சொந்த நோயாளிகளுக்கு மருந்து கொடுப்பதற்கு விலக்கு அளித்தது. திறந்த கடை நடத்தலாகாது என்பதை 2002ஆம் ஆண்டின் மருத்துவ ஒழுக்க விதிகள் வலியுறுத்தின. விலக்கில் நியாயமும் உண்டு. காய்ச்சலில் தவிக்கும் குழந்தையோடு கடலோரக் குப்பத்திலிருந்து இரவில் வரும் தாய்க்கு, மூடிய மருந்துக் கடையைவிட மருத்துவரின் மேசையறையே துணை.

பிரித்துவைத்தாலும் குறை முற்றும் தீர்ந்துவிடுவதில்லை. கடை சுவருக்கு அப்பால் போனாலும், தரகு என்னும் பெயரில் இலாபம் சுவரேறி வரக்கூடும். மருந்து நிறுவனங்கள் மருத்துவர்களுக்கு அளிக்கும் அன்பளிப்புகளை வியாபாரச் செலவாகக் காட்டி வரிச்சலுகை பெறமுடியாது என்று உச்சநீதிமன்றம் 2022இல் தீர்ப்பளிக்க நேர்ந்ததே இதற்குச் சான்று.

திருமுக்கூடல் வழியோ அறுந்துபோகவில்லை. 1994இல் அமைக்கப்பெற்ற தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அரசு மருத்துவமனைகளுக்கான மருந்துகளை மொத்தமாகக் கொள்முதல் செய்கிறது. கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனையில் சீட்டு எழுதும் மருத்துவருக்கு, ஒரு மாத்திரை கூட எழுதினாலும் குறைத்து எழுதினாலும் ஊதியம் ஒன்றே. சிதம்பரத்தில் 1985இல் பல்கலைக்கழகத்தின் கீழ்த் தோன்றிய மருத்துவக் கல்லூரியும் இன்று அரசின் கல்லூரியாகிவிட்டது.

எஞ்சியிருப்பது தனியார் மருத்துவமும் நாமும். ஊசி போடாத டாக்டரைக் குறை கூறுகிறோம். மருந்தில்லாமல் அனுப்பினால் காசு கொடுக்க மனம் கூசுகிறோம். மதியுரைக்கு நாம் தர மறுக்கும் விலை, மருந்தின் விலையில் ஏறித் திரும்பி வருகிறது. ‘மருந்து வேண்டாம், மூன்று நாள் ஓய்வெடுங்கள்’ என்று ஒரு மருத்துவர் சொன்னால், அவருக்குரிய கட்டணத்தை முழுமையாகக் கொடுத்து நன்றியோடு எழுந்து வருவோம். அஃப்ஷீன் தம் பாசறையில் தேடியது அந்த வாய்மையைத்தான்.