அரைக்கப்போவது யாரு?

"மிக்ஸில அரைச்சா அது சட்னியா? அம்மியில அரைக்கணும் சார், அப்பத்தான் ருசி." இதைக் கேட்காமல் தமிழ்நாட்டில் யாரும் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியைத் தாண்டியிருக்க முடியாது. இப்போது இதோடு இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. கரண்ட் வேண்டாம், உடம்புக்கு நல்லது, பூமிக்கும் நல்லது, பழைய சமையலறைக்கே திரும்பிவிடலாம் என்கிறார்கள். எனக்கும் பசுமை வாழ்க்கையில் அக்கறை உண்டு, துணிப்பை இல்லாமல் கடைக்குப் போவதில்லை. ஆனாலும் அம்மியைப் பற்றி யாராவது உருக ஆரம்பித்தால் எனக்குள் ஒரு கேள்வி எழுந்துவிடும். அரைக்கப்போவது யாரு?

வரலாறு இதற்குப் பதில் வைத்திருக்கிறது. முதல் பதில் எலும்பில் இருக்கிறது.

சிரியாவில் யூப்ரடீஸ் ஆற்றங்கரையில் அபு ஹுரேரா என்றொரு புதிய கற்கால ஊர் இருந்தது. அணை கட்டி அந்த இடம் நீரில் மூழ்குவதற்கு முன், 1972-73இல் அவசர அவசரமாகத் தோண்டினார்கள். கிடைத்த எலும்புக்கூடுகளை லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தைச் சேர்ந்த தேயா மோல்சன் ஆராய்ந்தார். கால் பெருவிரல் மூட்டு தேய்ந்திருந்தது. முழங்காலிலும் முதுகின் கீழ்ப்பகுதியிலும் சேதம். பெரும்பாலும் பெண்களின் எலும்புகள் அவை. மண்டியிட்டு, விரல்களை மடக்கி ஊன்றி, சாய்ந்த கல்லின்மேல் இன்னொரு கல்லை முன்னும் பின்னும் தள்ளித் தானியம் அரைத்ததன் தடயம் என்றார் அவர். அந்தக் கல் நம் அம்மிக்கு அக்கா முறை.

2017இல் அலிசன் மெக்கின்டாஷ் குழுவினர் இன்னொரு ஆய்வை வெளியிட்டார்கள். நடு ஐரோப்பாவின் ஆதி விவசாயப் பெண்களின் கை எலும்பை, இன்றைய கேம்பிரிட்ஜ் படகுப்போட்டி வீராங்கனைகளின் கை எலும்போடு ஒப்பிட்டார்கள். தினமும் மணிக்கணக்கில் துடுப்பு போடும் வீராங்கனைகளைவிட அந்தப் பெண்களின் எலும்பு 11 முதல் 16 சதவீதம் வலுவாக இருந்தது. உழவு, அறுவடையோடு தானியம் அரைத்ததும் காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். "அந்தக் காலத்துப் பொம்பளைங்க எவ்வளவு ஸ்ட்ராங்" என்று இதைப் படித்துப் பெருமைப்படலாம். ஆனால் வீராங்கனை போட்டி முடிந்தால் துடுப்பைக் கீழே வைத்துவிடுவாள்.

எலும்பை விட்டு ஏட்டுக்கு வருவோம். 'ஒடிஸி'யில் ஒரு காட்சி உண்டு. மன்னன் வீட்டில் மாவரைக்கப் பன்னிரண்டு பெண்கள். பதினொரு பேர் முடித்துவிட்டுத் தூங்கிவிட்டார்கள். பலவீனமான ஒருத்தி மட்டும் விடியும்வரை அரைத்துக்கொண்டே, இவர்கள் தின்னும் கடைசி விருந்தாக இது இருக்கட்டும் என்று கடவுளிடம் வேண்டுகிறாள். பைபிளின் யாத்திராகமத்தில், சிம்மாசனத்தில் இருக்கும் பார்வோனில் தொடங்கி ஆகக் கீழே இருப்பவர்வரை வரிசை சொல்லும்போது அந்தக் கடைசி இடத்தில் இருப்பவள், திரிகைக்குப் பின்னால் இருக்கும் அடிமைப்பெண். கண் பிடுங்கப்பட்ட சிம்சோனையும் சிறையில் மாவரைக்கத்தான் விட்டார்கள். ரோமாபுரியில் சொல் பேச்சு கேட்காத அடிமையை மாவு ஆலைக்கு அனுப்புவது வழக்கமான தண்டனை.

நம் ஊரிலும் கல்லைச் சுற்றுவது தண்டனையாக இருந்திருக்கிறது. 1908இல் தண்டிக்கப்பட்ட வ.உ.சி. கோவைச் சிறையில் இழுத்தது செக்கை. அந்தச் செக்கு இன்று சென்னை காந்தி மண்டபத்தில் இருக்கிறது. அதே செக்கின் பெயரைப் போட்டு வரும் எண்ணெயை இப்போது கூடுதல் விலை கொடுத்து வாங்குகிறோம். இழுக்க மோட்டார் வந்தபிறகுதான் செக்கு அழகாகத் தெரிய ஆரம்பித்தது.

பேச்சு வழக்கும் இதையேதான் சொல்கிறது. படிக்காத பையனை வையும்போது "நீ ஓட்டல்ல மாவாட்டத்தான் லாயக்கு" என்போம். ஆண் செய்தால் அவமானம், பெண் செய்தால் பாரம்பரியம். இந்த ஒரு வசவுக்குள் முழு விஷயமும் இருக்கிறது.

பாட்டு இருந்ததே, பாடிக்கொண்டேதானே குற்றினார்கள், அரைத்தார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. உண்மைதான். உலக்கை போடும்போது பாடும் வள்ளைப்பாட்டு சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக் காதையிலேயே இருக்கிறது. ஆனால் கையும் தோளும் ஓய்ந்துபோகும் வேலைக்குத்தான் பாட்டு தேவைப்படுகிறது. கிரைண்டருக்குப் பக்கத்தில் நின்று யாரும் பாடுவதில்லை, போய் வேறு வேலை பார்க்கிறோம்.

எங்க ஆச்சிக்குத் திருநெல்வேலிப் பக்கம். ஆட்டுக்கல் மாவு ருசியா இருக்குமா என்று ஒருமுறை கேட்டேன். "இருந்துச்சுய்யா. தோள்பட்ட வலியும் இருந்துச்சு. ருசியத் தின்னவுக சொன்னாவ, வலிய யாரு கேட்டா?" என்றார். சரஸ்வதி பூஜைக்கு அவர் வீட்டில் முதல் பொட்டு கிரைண்டருக்குத்தான்.

அந்தக் கிரைண்டர் பிறந்தது கோவையில், தற்செயலாக இல்லை. பைக்காரா நீர்மின் நிலையம் 1930களில் அந்த ஊருக்கு மின்சாரம் கொடுத்தது. பஞ்சாலைகள் பெருகின, அவற்றை ஒட்டி வார்ப்படப் பட்டறைகளும் மோட்டார், பம்ப்செட் பட்டறைகளும் பெருகின. அங்கேதான் 1955இல் பி. சபாபதி வெட் கிரைண்டரை உருவாக்கினார். யோசனை எளிமையானது. ஆட்டுக்கல்லில் கல் நிற்கும், குழவி சுற்றும். கிரைண்டரில் குழவி நிற்கும், கல் சுற்றும். அரைப்பது அதே கல்தான், மாறியது சுற்றுகிற கை மட்டும்.

அதனால்தான் ருசி வாதத்தையும் முழுக்கத் தள்ளிவிட முடியாது. மிக்ஸியின் பிளேடு வேகமாகச் சுற்றி வெட்டுகிறது, மாவு சூடாகிறது. கல் மெதுவாக நசுக்குகிறது, சூடு குறைவு, உளுந்து பொங்கி வரும். கல்லின் இந்த நல்ல குணத்தை எடுத்துக்கொண்டு தோள்வலியை மட்டும் கழித்ததுதான் கோவையின் சாதனை.

ஆனால் இயந்திரம் வந்தும் அது எல்லா வீட்டுக்கும் வந்துவிடவில்லை. 2011 சட்டமன்றத் தேர்தலில் இரண்டு பெரிய கட்சிகளுமே மிக்ஸி, கிரைண்டர் பற்றி வாக்குறுதி கொடுத்தன. அந்த ஆண்டு செப்டம்பரில் மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி தரும் திட்டம் தொடங்கியது. "கிரைண்டருக்கு ஓட்டை வித்துட்டாங்க" என்ற கேலியை அப்போது நிறைய கேட்டேன். கேலி செய்தவர்களின் வீட்டில் ஏற்கெனவே கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது.

சரி, பூமிக்கு வருவோம். டேபிள்டாப் கிரைண்டர் ஒன்றின் மோட்டார் சுமார் 150 வாட். 40 நிமிடம் ஓடினால் 0.1 யூனிட். ஒரு லிட்டர் தண்ணீரை எலெக்ட்ரிக் கெட்டிலில் கொதிக்க வைத்தால் ஆகும் செலவும் ஏறக்குறைய அதுதான். சமையலறையில் எரிசக்தியைத் தின்பது சூடு, சுற்றுவது இல்லை. கொண்டைக்கடலையை இரவே ஊறப் போடுவது, பாத்திரத்தை மூடி வேகவைப்பது, குக்கரைப் பயன்படுத்துவது, இவையெல்லாம் அம்மியைவிடப் பூமிக்கு அதிகம் உதவும். பழைய சமையலறை என்றால் விறகடுப்பும் சேர்த்துத்தான். வீட்டுப் புகையால் 2020இல் மட்டும் உலகில் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது.

இயந்திரம் பெண்ணை விடுவித்துவிட்டது என்று முடிக்கவும் எனக்குத் தயக்கம் இருக்கிறது. அமெரிக்க வரலாற்றாளர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983இல் எழுதிய புத்தகத்தில், வீட்டுக்கு இயந்திரங்கள் வர வர அம்மாக்களின் வேலை குறையவில்லை, எதிர்பார்ப்புதான் கூடியது என்று காட்டினார். இங்கேயும் அப்படித்தான். பல வீடுகளில் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும் இருந்த இட்லி, கிரைண்டர் வந்தபிறகு தினசரி உணவானது. உளுந்தை ஊறப் போடுவது யார், கல்லைக் கழுவுவது யார், கரண்ட் போனால் புலம்புவது யார் என்று பார்த்தால், கை மாறியதே தவிர ஆள் மாறவில்லை.

பசுமை வாழ்க்கைக்குக் கணக்கு போடுகிறவர்கள் யூனிட்டை எண்ணுகிறார்கள், கார்பனை எண்ணுகிறார்கள். தோள்பட்டையையும் அதே தாளில் எழுதினால் நான் முழுக்க அவர்கள் பக்கம். அம்மி வாங்க ஆசைப்படுகிறவர்கள் தாராளமாக வாங்கட்டும். வாங்கியதும் வாரத்துக்கு ஏழு நாள், யார் யார் எந்த நாள் அரைப்பது என்று எழுதி ஃபிரிட்ஜ் மேல் ஒட்டிவிடுங்கள். திங்கள்கிழமைக்கு நேராக, வாங்கணும்னு சொன்னவர் பெயர் இருக்கட்டும்.