ஹார்ட் டிஸ்க்கை அழிக்கும் முன் ஓர் ஒத்திகை: கைட் லினக்ஸை எமுலேட்டரில் சோதிப்பது எப்படி?

நீங்கள் வேலை பார்ப்பது கோவையிலோ பெங்களூருவிலோ இருக்கலாம். வீடு கொழிஞ்சாம்பாறையிலோ மூணாறிலோ இருக்கிறது. லீவுக்குப் போகும்போது தம்பியோ தங்கையோ கேட்கும் முதல் உதவி பெரும்பாலும் இதுதான்: "ஸ்கூல்ல இருக்கிற லினக்ஸை நம்ம லேப்டாப்புலயும் போட்டுக் கொடு."

சின்ன வேலை மாதிரிதான் தெரியும். ஆனால், இன்ஸ்டால் செய்யும்போது ஒரு ஆப்ஷனைத் தவறாகத் தேர்வு செய்தால், வீட்டில் இருக்கும் ஒரே லேப்டாப்பிலிருந்து பத்து வருடப் போட்டோக்களும் ஆவணங்களும் காணாமல் போய்விடும். இதைத் தவிர்க்க எளிய வழி, நிஜ டிஸ்க்கைத் தொடும் முன் எமுலேட்டரில் ஒருமுறை இன்ஸ்டால் செய்து பார்ப்பது.

பள்ளியில் இருக்கும் லினக்ஸ் எது?

கேரள அரசின் ஐடி அட் ஸ்கூல் திட்டம் 2001-ல் தொடங்கி, 2017-ல் 'கைட்' என்ற நிறுவனமாக மாறியது. உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டு கைட் உருவாக்கிய இயங்குதளம்தான் பள்ளிக் கணினிகளில் ஓடுகிறது. பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் பகுதி, இடுக்கியின் தேவிகுளம், பீர்மேடு பகுதிகளில் உள்ள தமிழ் வழிப் பள்ளிகளிலும் இதேதான். பத்தாம் வகுப்பு ஐ.சி.டி தேர்வில் கணினி முன் உட்கார்ந்து செய்யும் செய்முறைப் பகுதி உண்டு என்பதால், வீட்டிலும் அதே லினக்ஸ் இருந்தால் பழகுவது சுலபம்.

கைட் ஜிஎன்யு லினக்ஸ் 22.04, உபுண்டு 22.04 மீது கட்டப்பட்டது. இலவசமாகக் கிடைக்கிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டதால், பழைய லேப்டாப் வைத்திருப்பவர்களும் இப்போது லினக்ஸ் பக்கம் பார்க்கிறார்கள்.

எமுலேட்டர் என்ன செய்கிறது?

உங்கள் கணினிக்குள்ளேயே இன்னொரு பொய்க் கணினியை உருவாக்குகிறது. அந்தக் கணினியின் ஹார்ட் டிஸ்க், உங்கள் டிஸ்க்கில் இருக்கும் வெறும் ஒரு ஃபைல். உள்ளே "டிஸ்க்கை முழுவதும் அழி" என்று கொடுத்தாலும் அழிவது அந்த ஃபைலின் உள்ளடக்கம் மட்டும்தான்.

இதில் இரண்டு வகை உண்டு. க்யூஎமு போன்ற மென்பொருள் ஒரு பிராசசரையே முழுக்க நடித்துக் காட்டும். பல வகைச் சிப்புகளுக்கான இயங்குதளங்களை ஓட்டலாம், ஆனால் மெதுவாக இருக்கும். வர்ச்சுவல்பாக்ஸ் உங்கள் பிராசசரையே நேரடியாகப் பயன்படுத்துவதால் வேகமாக ஓடும். இன்டெல், ஏஎம்டி லேப்டாப் என்றால் வர்ச்சுவல்பாக்ஸ் போதும். எம் வரிசைச் சிப் உள்ள மேக்புக் என்றால், க்யூஎமுவில் இயங்கும் யுடிஎம் மூலம் பார்க்கலாம், பொறுமை வேண்டும்.

படிப்படியாக எப்படிச் செய்வது?

1. ஐஎஸ்ஓ ஃபைலை டவுன்லோட் செய்ததும் அதன் செக்சம்மைச் சரிபாருங்கள். எஸ்எச்ஏ-256 என்றால் அது 64 எழுத்துகள் கொண்டது. வெளியிட்டவர்கள் தந்திருக்கும் செக்சம்மோடு ஓர் எழுத்து மாறினாலும் மறுபடி டவுன்லோட் செய்யுங்கள். மலைப்பகுதியில் நெட் பாதியில் அறுந்து ஃபைல் கெட்டுப்போவது சகஜம்.

2. புதிய மெஷின் உருவாக்கி 4 ஜிபி ரேம், 40 ஜிபி டிஸ்க் கொடுங்கள். டிஸ்க் ஃபைல் தேவைக்கேற்பத்தான் வளரும். லேப்டாப்பிலேயே 4 ஜிபி ரேம்தான் என்றால் இந்த வழி சரிவராது. கீழே சொல்லும் பென்டிரைவ் வழிக்குப் போய்விடுங்கள்.

3. வர்ச்சுவல்பாக்ஸில் 'அன்அட்டெண்டட் இன்ஸ்டலேஷன்' வேண்டாம். அது கேள்விகளுக்குத் தானே பதில் சொல்லிவிடும். நமக்குத் தேவை அந்தக் கேள்விகளைப் பார்ப்பதுதான்.

4. நிஜ லேப்டாப் யுஇஎஃப்ஐ முறையில் பூட் ஆகிறது என்றால், மெஷின் செட்டிங்ஸிலும் இஎஃப்ஐ-யை டிக் செய்யுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் பார்க்கும் பார்ட்டிஷன் அமைப்பு வேறாக இருக்கும்.

5. ஒருமுறை இன்ஸ்டால் செய்து முடித்ததும் ஸ்னாப்ஷாட் எடுத்துக்கொண்டு, அதே மெஷினில் மறுபடி இன்ஸ்டாலரை ஓட்டுங்கள். உபுண்டு வழி வந்த இன்ஸ்டாலர்களில் "ஏற்கெனவே உள்ளதோடு சேர்த்து நிறுவு", "அழித்துவிட்டு நிறுவு" என்ற ஆப்ஷன்கள் அப்போதுதான் பக்கத்துப் பக்கத்தில் வரும். காலி டிஸ்க்கில் முதல் ஆப்ஷன் தெரியாது. வீட்டில் விண்டோஸை வைத்துக்கொண்டே லினக்ஸ் போடும்போது நீங்கள் பார்க்கப்போகும் திரை கிட்டத்தட்ட இதுதான். தவறாக எதையாவது அழுத்திப் பாருங்கள். ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பினால் போதும்.

6. நெட்வொர்க் கேபிள் இணைப்பை நீக்கிவிட்டும் ஒருமுறை இன்ஸ்டால் செய்யுங்கள். சிக்னல் இல்லாத வீட்டில் வேலை முடியுமா என்பது இங்கேயே தெரிந்துவிடும்.

7. கடைசியாகத் தமிழ். தமிழ்99 விசைப்பலகையைச் சேர்க்க முடிகிறதா, லிப்ரே ஆபிஸில் எழுத்துகள் உடையாமல் வருகின்றனவா என்று ஒரு பத்தி டைப் செய்து பாருங்கள்.

எமுலேட்டர் எதைச் சொல்லாது?

உங்கள் வைஃபை வேலை செய்யுமா என்பதைச் சொல்லாது. பொய்க் கணினிக்குப் பொய் நெட்வொர்க் கார்டுதான் தெரியும். உங்கள் லேப்டாப்பின் வைஃபை சிப்பை அது பார்ப்பதே இல்லை. டச்பேட், கிராஃபிக்ஸ், ஸ்லீப், பிரிண்டர் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். எமுலேட்டரில் எல்லாம் சரியாக ஓடியது என்று நம்பி, நேராக நிஜ லேப்டாப்பில் இன்ஸ்டால் செய்துவிடாதீர்கள்.

அதற்கு இரண்டாவது சோதனை இருக்கிறது. அதே ஐஎஸ்ஓ-வைப் பென்டிரைவில் ஏற்றி, லேப்டாப்பை அதிலிருந்து பூட் செய்து, இன்ஸ்டால் செய்யாமல் 'டிரை' முறையில் ஓட்டுங்கள். வைஃபை இணைகிறதா, சத்தம் வருகிறதா, டச்பேட் நகர்கிறதா என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். பென்டிரைவில் ஏற்கெனவே இருப்பவை அழிந்துவிடும் என்பதை மறக்க வேண்டாம்.

நிஜ டிஸ்க்கைத் தொடும் முன்

போட்டோக்களையும் ஆவணங்களையும் வேறொரு டிஸ்க்கில் நகலெடுத்து, அந்த நகலில் நாலைந்து ஃபைல்களைத் திறந்து பாருங்கள். விண்டோஸில் பிட்லாக்கர் இயங்கினால் அதன் ரெகவரி கீயைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். பூட் அமைப்பு மாறியதும் விண்டோஸ் அதைக் கேட்கலாம், கீ இல்லையென்றால் உள்ளே போக முடியாது. லேப்டாப்பைச் சார்ஜரில் போட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

ஒத்திகைக்கு ஒரு சாயங்காலம் ஆகும். முடிந்தால் தம்பியையோ தங்கையையோ பக்கத்தில் உட்காரவைத்துச் செய்யுங்கள். அடுத்த முறை அவர்களே போட்டுக்கொள்வார்கள்.