மொட்டை மாடிக்கு மேலே...

பட்டம் ஒரு விமானம். சிரிக்காதீர்கள், சட்டம் அப்படித்தான் சொன்னது. 1934-ல் பிரிட்டிஷ் அரசு கொண்டுவந்த விமானச் சட்டத்தில், விமானம் என்றால் என்ன என்று ஒரு விளக்கம் உண்டு. பலூன், கிளைடர் எல்லாம் வரிசையாக வரும். நடுவில் பட்டமும் வரும்! மாம்பலத்து மாடிகளில் நூல் விட்ட பையன்கள் அத்தனை பேரும், தங்களுக்கே தெரியாமல் பைலட்டுகளாக இருந்திருக்கிறார்கள்.

வானத்துக்கு வேலி போடும் ஆசை அதற்கும் முந்தையது. 1910 மார்ச்சில், மவுண்ட் ரோடு ஹோட்டல்காரர் ஜியாகோமோ டி'ஏஞ்சலிஸ், சிம்ப்ஸன் கம்பெனியில் செய்து வாங்கிய விமானத்தைப் பல்லாவரத்தில் பறக்கவிட்டுப் பார்த்தார். முந்தைய வருடம்தான் பிளேரியோ இங்கிலீஷ் கால்வாயை விமானத்தில் தாண்டியிருந்தார். அந்த ஜுரம் மெட்ராஸுக்கும் தொற்றிவிட்டது. அடுத்த வருடமே இந்திய ஆகாயக் கப்பல் சட்டம் வந்துவிட்டது. (பாவம், அவருக்காக வந்ததில்லை. உலகமெங்கும் அரசாங்கங்களுக்கு அப்போது அந்தப் பயம்.)

ஆக, மேலே போவதைப் பற்றி அரசாங்கத்துக்கு எப்போதும் கவலை உண்டு. கீழே இருக்கிறவனைப் பற்றி? கண்ணாடித் தூள் தடவிய மாஞ்சா நூலையே எடுத்துக்கொள்ளுங்கள். 2019 நவம்பரில் கொருக்குப்பேட்டையில், அப்பாவோடு பைக்கில் போன மூன்று வயதுக் குழந்தையின் கழுத்தை அறுத்துக் கொன்றது அது. போலீஸ் தடை போடுவதும், தடையை மீறி நூல் பறப்பதும் சென்னைக்குப் பழகிப்போன கதை.

இப்போது அதே மாடிகளிலிருந்து ட்ரோன் கிளம்புகிறது. 2014 அக்டோபரில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் ஒரே அறிவிப்பில் தடை போட்டது. 2018 டிசம்பரில் கதவைக் கொஞ்சம் திறந்தார்கள். 2021 ஆகஸ்டில் அகலமாகவே திறந்துவிட்டார்கள். 250 கிராம் வரை நானோ. 2 கிலோ வரை மைக்ரோ. பொழுதுபோக்குக்கு இவற்றை ஓட்ட பைலட் லைசென்ஸ் வேண்டாம். ஆனால் வரைபடத்தைப் பார்த்துவிட்டுத்தான் பறக்கவிட வேண்டும். விமான நிலையச் சுற்றுச்சுவரிலிருந்து 8 கிலோமீட்டருக்குள் அனுமதி கேட்க வேண்டும். எட்டுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவே 200 அடி வரைதான் சுதந்திரம். மீனம்பாக்கத்திலிருந்து தி.நகர், அடையாறு, மயிலாப்பூர் மூன்றுமே 12 கிலோமீட்டருக்குள் அடக்கம்!

சரி, ஏரோப்ளேன் பத்திரம். பக்கத்து வீடு?

இங்கேதான் விஷயம் இருக்கிறது. 2018 விதிகளில், யாருடைய அந்தரங்கமும் கெடாமல் பார்த்துக்கொள்வது ஓட்டுகிறவர் பொறுப்பு என்று ஒரு வரி இருந்தது. 2021 மார்ச்சில் வந்த விதிகளிலும் அந்தக் கருத்து இருந்தது. அதே வருடம் ஆகஸ்டில், தொழில் வளரட்டும் என்று பக்கம் பக்கமாகக் கத்தரித்தார்களே, அப்போது அதுவும் போய்விட்டது. பி.காம். படித்த புத்திக்கு, லெட்ஜரில் ஒரு பதிவு சத்தமில்லாமல் காணாமல் போனால் உறுத்தத்தான் செய்கிறது.

அமெரிக்காவில் ஒரு கோழிப்பண்ணைக்காரர் இதே வழக்கை சுப்ரீம் கோர்ட் வரை கொண்டுபோனார். பெயர் காஸ்பி. ராணுவ விமானங்கள் அவர் நிலத்துக்கு மேலே 83 அடி உயரத்தில் பறந்தன. மிரண்டுபோன கோழிகள் சுவரில் மோதியே செத்தன, சுமார் 150. 1946-ல் தீர்ப்பு வந்தது. வானம் முழுக்க உனக்குச் சொந்தமில்லை. ஆனால் உன் தலைக்கு மேலே நீ புழங்குகிற அளவு உன்னுடையதுதான். நஷ்டஈடு உண்டு!

நம் ஊரில் அந்த அளவு எத்தனை அடி? 2017-ல் ஒன்பது நீதிபதிகள் அமர்ந்து, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பு எழுதினார்கள். நல்லது. ஆனால் மயிலாப்பூர் மாடியில் வடாம் பிழியும் மாமியின் தலைக்கு மேலே முப்பதடியில் ஒரு கேமரா நின்றால்? பெண்களை மறைந்திருந்து படமெடுப்பதைத் தண்டிக்கும் பிரிவு இருக்கிறது. அது அந்தரங்கமான செயல்களுக்கு மட்டும். வடாம் பிழிவது அந்தப் பட்டியலில் இல்லை. அதனால் மாமி என்ன செய்வார்? கீழே இறங்கிப் போய், அடுத்த வீட்டு காலிங் பெல்லை அழுத்தி, "ஏம்ப்பா, அதைக் கொஞ்சம் அந்தப் பக்கம் விடேன்" என்பார். பையன் நல்லவனாக இருந்தால் விடுவான்.