காத்தாடிக் கணக்கு

நம்ம ஊருக்குச் சோறு போடுவதே வெயில்தான். திருத்தங்கலிலும் சிவகாசியிலும் மருந்து காய வெயில் வேண்டும். மழை பிடித்தால் வேலை நிற்கும். ஆனாலும் நமக்கு ஒரு வசதி உண்டு. வருஷம் பூராவும் செய்த பட்டாசைக் குடோனில் அடுக்கி வைத்துத் தீபாவளிக்கு விற்கலாம். காற்றிலும் வெயிலிலும் மின்சாரம் எடுப்பவர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. எடுத்த நொடியே அது செலவாக வேண்டும். தென் மாவட்டத்துக் காற்றாலைகளின் வரலாறே இந்தச் சங்கடத்தோடு மல்லுக்கட்டிய கதைதான்.

1986-ல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் காற்றாலைகள் வந்தன. பிறகு கயத்தாறு, முப்பந்தல். ஆரல்வாய்மொழி, செங்கோட்டைக் கணவாய்கள் வழியே தென்மேற்குப் பருவக்காற்று புகுந்து அடிக்கும் பூமி இது. 1990-களில், காத்தாடி போட்டால் முதல் வருஷமே முழுத் தேய்மானத்தையும் கழித்துக்கொள்ளலாம் என்று வருமான வரிச் சலுகை இருந்தது. அதற்காகவே போட்டவர்களும் உண்டு. ஓடினால் என்ன, ஓடாவிட்டால் என்ன!

என்னைக் கேட்டால், காற்றாலைகளை வளர்த்தது அந்தச் சலுகை மட்டுமல்ல. 'பேங்கிங்' என்ற ஏற்பாடும்தான். மே முதல் செப்டம்பர் வரை கொட்டுகிற காற்று மார்கழியில் ஆளையே காணோம். ராஜபாளையத்துப் பஞ்சாலைக்கோ பன்னிரண்டு மாதமும் கரண்ட் வேண்டும். ஆகவே, கயத்தாறில் எடுத்த யூனிட்டை மின்வாரியத்தின் கணக்கில் வரவு வைத்து, பிறகு ஆலையில் எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் போட்ட யூனிட் அன்றைக்கே யாரோ ஒருவர் வீட்டு விளக்கில் எரிந்துபோயிருக்கும். திருப்பிக் கேட்கும்போது வாரியம் நிலக்கரியை எரித்தோ, வெளியில் விலைக்கு வாங்கியோதான் கொடுக்க வேண்டும். காகிதத்தில்தான் குடோன்; சரக்கு இல்லை.

2008-ல் தொடங்கி 2015 வரை நீடித்த மின்வெட்டு நினைவிருக்கிறதா? சிவகாசி அச்சகங்கள் டீசல் ஜெனரேட்டரை நம்பிக் காலண்டர் அடித்த காலம். அதே வருஷங்களில், காற்று சீசனில் காத்தாடிகளை நிறுத்தச் சொன்ன கூத்தும் நடந்தது! காரணம் இல்லாமல் இல்லை. மின்சாரம் வடக்கே போக லைன் போதவில்லை. காற்று திடீரென்று ஏறினால் 50 சைக்கிளில் நிற்க வேண்டிய அதிர்வெண்ணும் ஏறும். அனல் நிலையங்களை நினைத்த மாத்திரத்தில் இறக்க முடியாது. காற்று விழுந்தால் இதற்கு நேர்மாறான அவஸ்தை.

2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் லைன் மூலம், அதுவரை தனி அதிர்வெண்ணில் ஓடிய தென்னிந்திய மின்தொகுப்பு நாட்டின் மற்றப் பகுதிகளோடு ஒன்றாக இணைந்தது. ஊருணியில் கல்லெறிந்தால் தெரிகிற அலை கண்மாயில் தெரியாது அல்லவா? நம் காற்றின் ஏற்ற இறக்கத்தை இப்போது தேசம் முழுவதும் சேர்ந்து தாங்குகிறது. மறுநாள் காற்றை முன்கூட்டியே கணிக்கும் வேலையும் தொடங்கியது.

2016-ல் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் வந்தது. பகலெல்லாம் தாராளம். பொழுது சாய்ந்து வீட்டுக்கு வீடு விளக்கும் ஃபேனும் போடுகிற நேரத்தில் அது படுத்துவிடும். மறுபடியும் குடோன் கேள்விதான்.

நிஜக் குடோன் ஒன்றும் நம் மாநிலத்தில் இருக்கிறது. ஆழியாற்றுக்கு மேலே காடம்பாறையில் 1980-களின் கடைசியில் அமைந்த 400 மெகாவாட் நிலையம் அது. உபரி மின்சாரத்தால் தண்ணீரை மேல் அணைக்கு ஏற்றி, வேண்டும்போது இறக்கி மின்சாரம் எடுப்பார்கள். மாநிலத்தின் காற்றாலைத் திறனோ 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. சிவகாசிச் சரக்கு முழுவதையும் ஒரு பெட்டிக்கடையில் அடுக்கச் சொன்ன மாதிரி! நீலகிரி குந்தாவில் 500 மெகாவாட்டுக்கு இதே முறையைத் தேர்ந்தெடுத்தது இதனால்தான்.