சமூகக் காரணங்கள்

1991 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சேலம் மாவட்டத்தில் ஆறு வயது வரையிலான ஆயிரம் ஆண் குழந்தைகளுக்குப் பெண் குழந்தைகள் 849 பேர்தான். தமிழ்நாடு முழுவதற்குமான எண் 948. நாமக்கல் அப்போது சேலத்தோடு இருந்தது; 1997இல் பிரிந்தது. பெண்சிசுக் கொலை என்றதும் உசிலம்பட்டியைச் சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் 1992இல் அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது சேலத்தில்.

எத்தனை பேர் இல்லை என்பதை 849 சொல்கிறது. எந்த நாளில் இல்லாமல் போனார்கள் என்று அது சொல்லாது. அதற்குக் குவிவு நிகழ்வெண் வளைவு வேண்டும். தமிழ் படித்தவளுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பவர்களுக்குப் பிறகு பதில் சொல்கிறேன்.

கிடை அச்சில் குழந்தை இறந்தபோதிருந்த வயது: 1 நாள், 7 நாள், 28 நாள், ஓர் ஆண்டு. ஒவ்வொரு இடைவெளியின் இறப்பையும் முந்தையவற்றோடு கூட்டி, அதன் மேல் எல்லைக்கு நேரே புள்ளி வைக்க வேண்டும். ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிக் கோடு, ஆயிரம் பிறப்புக்கு இவ்வளவு என்று. இந்தக் கோடு ஏறும், அல்லது படுத்துக் கிடக்கும், இறங்கவே இறங்காது. பிறந்த முதல் மாதத்தில் இயல்பாக ஆண் குழந்தைகளே அதிகம் இறப்பதால் ஆண் கோடுதான் மேலே இருக்க வேண்டும். முதல் வாரத்திலேயே பெண் கோடு செங்குத்தாக ஏறி அதைத் தாண்டினால், நோய் மட்டும் காரணமில்லை. (இவ்வளைவுக்கு ஆங்கிலப் பெயர் சூட்டிய கால்டன்தான் 1883இல் 'நற்பிறப்பியல்' என்ற சொல்லையும் உண்டாக்கினார். கருவியை எடுத்துக்கொள்வோம், அவரை விட்டுவிடலாம்.)

ஆரம்ப சுகாதார நிலையப் பதிவேடுகளைக் கொண்டு ஷீலா ராணி சுங்கத்தும் வி.பி. ஆத்ரேயாவும் 1997இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். அந்தப் பதிவேடுகளில் இத்தகைய இறப்புகளுக்கு எதிரே இருந்த சொல் 'சமூகக் காரணங்கள்'. நான் இதற்குள் வந்தது இந்தச் சொல் வழியாகத்தான். கொலை என்று எழுதினால் செவிலியர் மறுநாள் அந்தத் தெருவுக்குள் போக முடியாது. எழுதாமல் விட்டால் குழந்தை கணக்கிலேயே வராது. இரண்டுக்கும் நடுவே ஒரு பெண் தேடிப்பிடித்த சொல் இது என்பது என் ஊகம். அதை இடக்கரடக்கல் என்று மட்டும் ஒதுக்க எனக்கு மனமில்லை.

ஸ்கேன் வந்த பிறகு வளைவு ஏமாற்றத் தொடங்கியது. கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும் சட்டம் 1994இல் நிறைவேறி 1996இல் நடைமுறைக்கு வந்தது. ஆனாலும் 2001இல் சேலத்தின் எண் 851. கருவிலேயே நீக்கப்பட்டவள் கிடை அச்சின் பூஜ்யத்துக்குக்கூட வந்து சேர்வதில்லை. பெண் கோடு நல்லபிள்ளையாகத் தாழ்ந்துவிடும். அதனால் மாணவிகளிடம் பிறப்புப் பதிவேட்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறேன். யாரும் தலையிடாத இடத்தில் ஆயிரம் ஆணுக்கு ஏறக்குறைய 950 பெண்கள் பிறப்பார்கள்.