அபினி ஆண்ட சீனம்

வாளால் வீழ்ந்த நாடுகள் உண்டு. வறட்சியால் வாடிய நாடுகள் உண்டு. புகையால் வீழ்ந்த நாடு எது தெரியுமா, தோழர்களே? சீனம்!

தேயிலையும் பட்டும் பீங்கானும் சீனரிடம் வாங்கிக் குவித்தது இங்கிலாந்து. சீனர் ஈடாகக் கேட்டதோ வெள்ளி! வெள்ளியை அள்ளிக் கொடுத்து அலுத்த கிழக்கிந்தியக் கம்பெனி வேறு சரக்கைத் தேடிற்று. பாட்னாவிலும் காசியிலும் உழவனுக்கு முன்பணம் தந்து கசகசாச் செடி பயிரிடவைத்தது. காயைக் கீறி வடித்த பாலை உருட்டிப் பெட்டியில் அடைத்துக் கல்கத்தாவில் ஏலம் விட்டது. ஏலம் முடிந்ததும் கம்பெனியின் கை சுத்தமாம்! சீனத்துக்குக் கடத்தியவர்கள் தனி வணிகர்களாம்!

1729-ஆம் ஆண்டிலேயே சீனப் பேரரசர் தடை விதித்தார். ஏட்டில் இருந்தது தடை. துறைமுகத்தில் இருந்தது கையூட்டு. 1830-களின் இறுதியில் ஆண்டுக்கு 30,000 பெட்டிகளுக்கு மேல் இறங்கின. ஜார்டைன் நிறுவனத்தின் அபினிக் கப்பலில் துபாஷியாகச் சென்றவர் யார்? குட்ஸ்லாஃப் என்னும் பாதிரியார்! ஒரு கையில் வேதநூல், மறு கையில் விலைப்பட்டி!

அபினியிலுள்ள மார்ஃபின் வலியை மறக்கச் செய்யும். மருத்துவன் கையில் அது வரம். நாளும் புகைப்பவன் உடலோ அளவைக் கூட்டக் கேட்கும். நிறுத்தினால் நடுக்கம், வயிற்றுப்போக்கு, உறக்கமின்மை, எலும்பெல்லாம் வலி. இன்பம் நாடித் தொடங்கியவன், துன்பம் அஞ்சியே தொடர்கிறான்.

1839-இல் கான்டனுக்கு வந்தார் லின் ட்சே-சூ. அஞ்சாத அதிகாரி. வெள்ளை வணிகரிடமிருந்து 20,000-க்கும் மேற்பட்ட பெட்டிகளைக் கைப்பற்றினார். ஜூன் 3-ஆம் நாள் முதல் ஹூமன் கரையில் குழிகள் வெட்டி, நீரும் உப்பும் சுண்ணாம்பும் சேர்த்துக் கரைத்துக் கடலில் விட்டார். (கடல் தெய்வத்திடம் மன்னிப்பும் வேண்டிக்கொண்டாராம், அறிவாளிக்கும் அந்த மயக்கம் விடவில்லை!)

விளைவு? போர்! லண்டன் பொதுச்சபையில் அதை எதிர்த்து முழங்கினார் கிளாட்ஸ்டன். 1840-இல் நடந்த வாக்கெடுப்பிலோ அரசு 9 வாக்குகளில் தப்பியது. 1842-ஆம் ஆண்டு நான்கிங் உடன்படிக்கைப்படி ஹாங்காங்கும் 210 லட்சம் வெள்ளி டாலரும் சீனம் இழந்தது. அதில் 60 லட்சம், லின் அழித்த அபினிக்கு விலை! லின்னுக்குக் கிடைத்த பரிசு, நாட்டின் மேற்குக் கோடியில் வனவாசம்.

தடை ஏன் தோற்றது? விற்றவனிடம் பீரங்கி இருந்தது. காவல்காரனுக்குப் பங்கு இருந்தது. இடையில் அகப்பட்ட நோயாளிக்கோ, தவணைக்குள் விடாவிட்டால் மரண தண்டனை என்றது சட்டம். பிற்காலத்தில் அபினியை மறக்கடிக்க விற்ற மாத்திரைகளிலேயே மார்ஃபின் கலந்திருந்தது. பேயை ஓட்டப் பூதம்!

1907-இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி இந்திய அபினி ஆண்டுக்குப் பத்தில் ஒரு பங்கு வீதம் குறைந்து வந்தது. ஆனால் பேரரசு கவிழ்ந்ததும் படைத்தலைவர்கள் வரிக்காகக் கசகசாவை மீண்டும் விதைக்கவைத்தனர். 1950 பிப்ரவரியில் புதிய அரசு பிறப்பித்த ஆணைதான் வேரைத் தொட்டது. வணிகர் பலரைக் கொன்ற கொடுமையை நான் போற்றவில்லை. அச்சம் மட்டுமே வென்றதென்றால், மரண தண்டனை முன்பே வென்றிருக்க வேண்டுமே! இம்முறை புகைப்பவர்களின் பெயரைப் பதிந்து, பழக்கத்தை விடச் சிகிச்சையும் தந்தனர். தெருத்தெருவாகக் கூட்டம் கூட்டிக் குடும்பத்தாரையும் துணைக்கு அழைத்தனர். கசகசா பூத்த வயல்களில் தானியம் விதைக்கப்பட்டது.