எண்ணெய் சுழற்றும் சக்கரம்

இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றை மட்டும் ஓட விடுங்கள். காற்றின் வேகத்தால் மற்றதும் மெல்லச் சுழலும். காற்றுக்குப் பதில் திரவத்தைக் கொண்டு விசையைக் கடத்தும் முறைக்கு 1905-இல் ஜெர்மானியப் பொறியாளர் ஹெர்மன் ஃபோட்டிங்கர் காப்புரிமை பெற்றார். கப்பலுக்கென அவர் கண்ட தத்துவம் பின்னர் காருக்கு வந்தது. 1939-இல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் ‘ஹைட்ராமேட்டிக்’ என்னும் தானியங்கிக் கியர்ப்பெட்டியை ஓல்ட்ஸ்மொபைல் கார்களுக்காக அறிமுகம் செய்தது. கிளட்ச் மிதி மறைந்தது. 1952-இல் ரோல்ஸ்ராய்ஸும் இதனை ஏற்றது.

ஆனால் இரண்டாம் விசிறி சற்றுப் பின்தங்கியே சுழலும். அந்த நழுவலில் இழக்கும் ஆற்றல் வெப்பமாகி எண்ணெயைக் கெடுக்கிறது. கியர் மாறும்போது உராய்வுத் தகடுகளும் தேய்கின்றன. ஆகவே, பழங்காரில் தேய்ந்த பெட்டியை மாற்றுவோர் எண்ணெய் குளிர்விக்கும் குழாய்களையும் கழுவ வேண்டும். தேய்மானத் துகள்கள் அங்கே தங்கிவிட்டால் புதிய பெட்டிக்கும் பழைய கதிதான்!